நிகோடின் வரும் பின்னே, வாசனை வரும் முன்னே!

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் தாண்டினால் பழவேற்காடு ஏரி. மீன், இறாலோடு கிளிஞ்சலும் உண்டு. சுட்டால் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுவோமே, அதுதான்! ஆனால், புகையிலையோடு சேர்ந்தால் சுண்ணாம்பு வேறு வேலை பார்க்கும். காரத்தன்மை கூடி, நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும்.

குட்காவின் சூட்சுமம் இதுதான். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு... அதற்கு மேலே ஏலக்காய் வாசனை. கசப்பும் நெடியும் தெரியாததால் புதுசாகப் போடுகிறவன் துப்ப மாட்டான். 2013-ல் தமிழ்நாடு தடை போட்டது. வியாபாரம் சும்மா இருக்குமா? பான் மசாலா தனி, புகையிலை தனி என்று இரண்டு பாக்கெட்டாக வந்தது. உள்ளங்கையில் கலந்தால் பழைய குட்கா!

"நமக்கு அதெல்லாம் பழக்கமில்லை சார், மின்ட் சிகரெட் மட்டும்தான்!" என்கிறீர்களா? அங்கேயும் அதே கதை. மென்தால் தொண்டையை ஜில்லென்று ஆக்கி, கமறலை அமுக்கிவிடும். கமறல்தானே உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி? ஐரோப்பிய யூனியன் 2020-ல் மென்தால் சிகரெட்டுக்குத் தடை போட்டது சும்மா இல்லை.

வாசனை அஞ்சு நிமிஷத்தில் போய்விடும். நிகோடின் ஏக்கம் மட்டும் காலி பண்ணாது... வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி!