கிராபிக் டிசைன் படிப்பு: காசு கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கையில் இப்போதெல்லாம் ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கிறது. "மூன்று மாதத்தில் கிராபிக் டிசைனர்", "ஆறு மாதத்தில் கைநிறையச் சம்பளம்" என்று அதில் போட்டிருக்கும். தாய்மார் வந்து என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். "அது என்னாங்க ஐயா படிப்பு?" என்பது ஒன்று. "காசு கட்டலாங்களா?" என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது.

கிராபிக் டிசைன் என்பதைத் தமிழில் வரைகலை வடிவமைப்பு என்கிறார்கள். படம் வரைவது மட்டுமே அந்த வேலை என்று நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டிய விஷயத்தை எழுத்து, படம், நிறம் மூன்றையும் ஒழுங்குபடுத்தி, பார்த்த உடனே விளங்கும்படி செய்வதுதான் அது. திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கடைப் பலகை, மருந்துப் பெட்டி எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்ததுதான்.

நாம் பறிக்கும் கொழுந்தும் கடைசியில் ஒரு பக்கற்றுக்குள்தானே போகிறது. அந்தப் பக்கற்றை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் வாளேந்திய சிங்க இலச்சினை இருக்கும். அது தேயிலைச் சபைக்குரிய இலச்சினை. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்து, சபையின் தரத்துக்கு ஏற்றதாக இருந்தால்தான் அதைப் போட அனுமதி கிடைக்கும். நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, உடபுசல்லாவை, கண்டி, ருகுண, சப்ரகமுவ என்று 7 தேயிலைப் பிரதேசங்களுக்கும் தனித்தனி இலச்சினை உண்டு. இவற்றை எங்கே, எந்த அளவில் போடலாம், எந்த எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் பக்கற்றை வடிவமைக்க முடியும். அழகு மட்டும் போதாது.

சரி, வகுப்பில் என்ன சொல்லித் தருவாங்க? நல்ல இடமாக இருந்தால் முதலில் கொம்பியூட்டரைத் தொடவே விடமாட்டார்கள். பென்சிலும் கடதாசியும்தான். எழுத்தின் அளவு, இடைவெளி, எந்த நிறம் எந்த நிறத்தோடு சேரும் என்பதெல்லாம் அங்கேதான் படிகிறது. பிறகுதான் மென்பொருள். புகைப்படத்தைத் திருத்தப் போட்டோசொப், இலச்சினை போன்றவற்றை வரைய இலஸ்ட்ரேட்டர் அல்லது கொரல் டிரோ, புத்தகம் பத்திரிகை கட்ட இன்டிசைன். இவற்றுக்குக் காசு வேண்டும். ஆனால் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்று இலவசமானவையும் இருக்கின்றன. வீட்டில் பழகுவதற்கு அவை தாராளமாகப் போதும்.

படத்தில் இரண்டு வகை இருப்பதைப் பிள்ளை கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். புகைப்படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் கலங்கும். இலச்சினையைக் கோடுகளாக வரைந்தால் கணக்கின்படி எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற பெரிய பெனரில் சாமி படம் புகை மாதிரித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அப்படியே இழுத்துப் போட்டால் அதுதான் நடக்கும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது வழக்கம். ஏ4 தாள் முழுவதும் ஒரு படம் என்றால் சுமார் 2480 க்கு 3508 புள்ளிகள். பெனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அதைவிடக் குறைந்தாலும் சமாளிக்கலாம். நோட்டீசில் சமாளிக்க முடியாது.

நிறத்திலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. போனின் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் அடிக்கிறது. திரையில் பளபளக்கும் பச்சை தாளில் மங்கிப் போவது அதனால்தான். தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க, வெட்டும் இடத்துக்கு வெளியே 3 மில்லிமீற்றர் வரை நிறத்தை நீட்டி விட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் 1,000 பத்திரிகை அடித்துவிட்டால், யார் காசு போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. நம்ம பிள்ளைகளுக்குக் கைகொடுக்கப்போவது இதுதான் என்பது என் எண்ணம். அச்சகங்களில் நீண்ட காலம் பாமினி என்ற எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கொம்பியூட்டரில் திறந்தால் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். இப்போது யூனிகோட் முறை வந்துவிட்டது, எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே வரும். ஆனாலும் பழைய கோப்புகள் பாமினியில் கிடப்பதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழை என்றே தெரியாது. 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. பலகைகளும் படிவங்களும் தமிழிலும் இருக்க வேண்டும் என்றாகியும், அதில் பிழைகளைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. மூன்று மொழியிலும் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் கட்டக்கூடிய பிள்ளைக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கிறது. ஆகவே தமிழ் இலக்கணத்தை அலட்சியம் செய்யாதீர்கள், சிங்களமும் வாசிக்கப் பழகுங்கள்.

இனி சான்றிதழ் விஷயம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி தேசிய தொழிற்தகைமைக்காக அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "நாங்கள் அரசில் பதிவு செய்தவர்கள்" என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் படிப்புக்கு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. பதிவு இலக்கத்தையும், பாடநெறியின் அங்கீகாரத்தையும், எத்தனையாம் மட்டம் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தத் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 ஆவது பட்டம். 4 ஆம் மட்டம் முடித்த பிள்ளைக்கு மேலே படிக்க வழி திறந்திருக்கிறது. வெறும் வருகைச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

தனியார் இடத்துக்கு ஓடுவதற்கு முன் தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா, இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றின் நிலையங்களில் விசாரியுங்கள். அரச நிலையங்களில் கட்டணம் இல்லாமலோ குறைந்த கட்டணத்திலோ பல பாடநெறிகள் நடக்கின்றன. ஆனால் தமிழில் நடக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஏற்கனவே அச்சகத்திலோ ஸ்டூடியோவிலோ சில வருடம் வேலை செய்த இளைஞர்கள் திரும்ப வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டி மதிப்பீட்டின் மூலம் தேசிய தொழிற்தகைமை பெறவும் ஏற்பாடு உண்டு. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

காசு பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். மூன்று மாத வகுப்புக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கொம்பியூட்டர் வாங்கிக் கடன்படவும் வேண்டாம். பிள்ளைக்கு இந்த வேலையில் பிடிப்பு இருக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு யோசிக்கலாம். மூன்று மாதத்தில் பிள்ளை கருவியைப் பிடிக்கப் பழகும், அவ்வளவுதான். கை தேற ஒரு வருடமாவது ஆகும். இன்றைக்குப் போனிலேயே நோட்டீஸ் செய்யலாம், இயந்திரமே படம் வரைந்து தருகிறது. ஆகவே எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தரும் வகுப்புக்குக் காசு கொடுப்பது வீண் என்றே சொல்வேன். வேலை கொடுப்பவர்கள் சான்றிதழோடு, பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பையும் கேட்பார்கள். வகுப்பு முடியும்போது பிள்ளையின் கையில் நல்ல வேலைகள் பத்தாவது இருக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும்போது, தங்குமிடத்தைத் தாயோ தகப்பனோ ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரைப் பேர் போனாலும் பரவாயில்லை.

கையில் துண்டுப்பிரசுரம் இருந்தால், காசு கட்டுவதற்கு முன் அதையும், பிள்ளையின் பெறுபேற்றுப் பத்திரத்தையும், அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துச் சேமநல அதிகாரியிடம் வாருங்கள். பதிவு இலக்கத்தைச் சேர்ந்தே பார்த்துவிடலாம். சம்பள நாளில் மட்டும் வேண்டாம். மற்ற நாட்களில் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க.