ட்றம்பெற் ஊதும் பிள்ளைகளுக்கு உதட்டுப் பயிற்சி

ஊரை விட்டுப் புறப்படும் குடும்பம் எதைத்தான் எடுத்துச் செல்ல முடியும்? காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ், இரண்டு பாத்திரம், கொஞ்ச அரிசி. 1990 இலும் 1991 இலும் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்தும் வெளியேறிய எமது மக்களில் பலர் இவற்றைக்கூட முழுதாகக் கொண்டுபோகவில்லை. மண்வெட்டியும் நீர் இறைக்கும் இயந்திரமும் பின்னால் நின்றன. அப்படியான வேளையில் இசைக்கருவியைப் பற்றி யார் நினைப்பார்கள்?

ஆனால் கருவி போனாலும், அதை வாசிக்கும் பழக்கம் உடம்போடு வருகிறது. பாடசாலை பாண்ட் குழுவிலோ திருநாள் பவனியிலோ ட்றம்பெற் ஊதிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் முக்கியமாக உதட்டில் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் அது கெட்டுவிடும். நாளுக்குச் சில நிமிடம் ஒதுக்கினால் காப்பாற்றலாம். அதற்கான வழியைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ளவே இக்கட்டுரை.

சங்கும் ட்றம்பெற்றும் ஒரே இனம்

ட்றம்பெற் மேல்நாட்டுக் கருவி, அதற்கும் எமக்கும் தொடர்பில்லை என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. நாதஸ்வரத்தில் ஒலியைப் பிறப்பிப்பது சீவாளி. உதடு அதைப் பிடித்து அடக்கி ஆளுகிறது. சங்கில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் இரு உதடுகளுமே அதிர்ந்து ஒலியைத் தருகின்றன. கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியனவும் அவ்வாறே. ட்றம்பெற்றும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். யாழ்ப்பாணக் கடலில் குளித்தெடுத்த சங்குகள் ஒரு காலத்தில் வளையல் செய்வதற்கென வங்காளத்துக்கு ஏற்றுமதியாயின. அதே சங்கின் நுனியை வெட்டி ஊதியவர்கள் எமது முன்னோர். கோயிலிலும் மரணவீட்டிலும் சங்கு ஊதும் பெரியவர் ஒருவர் அயலில் இருந்தால், உதட்டை எப்படி அதிர வைப்பது என்பதைப் பிள்ளை அவரிடமே கேட்டறியலாம்.

எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறை 1922 இல் திறக்கப்பட்டபோது, வெள்ளியால் ஒன்றும் வெண்கலத்தால் ஒன்றுமாக இரண்டு எக்காளங்கள் கிடைத்தன. அவை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றில் துளையோ விசையோ இல்லை. ஐரோப்பாவிலும் வால்வு பொருத்திய குழல் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஜேர்மனியரான ஸ்ரோல்செல், புளூமெல் என்னும் இருவர் 1818 இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். அதற்கு முன்னர் எக்காளம் ஊதியோர் பல சுரங்களை உதட்டாலும் மூச்சாலுமே எழுப்பினர். அந்தப் பழைய திறமைதான் இன்று உதட்டு நெகிழ்ச்சிப் பயிற்சி எனப்படுகிறது.

குழலுக்குள் நடப்பது என்ன?

சாதாரண ட்றம்பெற்றின் குழலை நீட்டி நிமிர்த்தினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வரும். வால்வு எதையும் அழுத்தாமலே அதில் பல சுரங்கள் எழும். கீழேயுள்ளதை ‘ச’ என்று கொண்டால், அடுத்தது ‘ப’, அதற்கு மேல் ‘மேல் ச’, பின்னர் ‘மேல் க’, ‘மேல் ப’ என்று ஏறிச் செல்லும். கீழ் ‘ச’ ஒலிக்கும்போது உதடு ஒரு செக்கனில் ஏறக்குறைய 233 தடவை அதிர்கிறது. ‘ப’ வுக்கு 349 தடவை, ‘மேல் ச’ வுக்கு 466 தடவை. விரல் அசையாமல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வேண்டுமானால், உதடு உடனடியாக இறுகவும் தளரவும் தெரிந்திருக்க வேண்டும். நெகிழ்ச்சி என்பது இதுதான்.

மூன்று வால்வுகளும் குழலின் நீளத்தைக் கூட்டுகின்றன. இரண்டாவது வால்வு சுரத்தை அரைத்தானம் இறக்கும். முதலாவது ஒரு தானம் இறக்கும். மூன்றாவது ஒன்றரைத் தானம் இறக்கும். இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் அழுத்த ஏழு வெவ்வேறு நீளங்கள் கிடைக்கின்றன. ஏழிலும் மேற்சொன்ன படிகள் அதே ஒழுங்கில் உண்டு.

உயர்ந்த சுரத்துக்குப் போக ஊதுவாயை உதட்டில் அழுத்துவதே புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலை ஒடுக்கினால் அதே தண்ணீர் விசையாகப் பாயும். அதுபோல, நாக்கின் நடுப்பகுதியை மேலே உயர்த்தினால் மூச்சுச் செல்லும் வழி ஒடுங்கி, காற்று வேகம் பெறும். கீழ்ச் சுரத்துக்கு வாய்க்குள் ‘ஆ’ என்று வைத்திருப்பது போலவும், மேற் சுரத்துக்கு ‘ஈ’ என்று வைத்திருப்பது போலவும் எண்ணிக்கொள்ள வேண்டும். வாயின் ஓரங்கள் உறுதியாக இருக்க வேண்டும். நடு உதடு மென்மையாக இருக்க வேண்டும். கன்னம் உப்பக் கூடாது.

பயிற்சி முறை

முதலாவது: கருவி எதுவும் வேண்டாம். நெடுந்தீவுக் குதிரைகள் மூச்சைத் தள்ளி உதட்டைப் படபடக்க விடுவது போல, ஒரு நிமிடம் உதட்டைத் தளர்வாக அதிர விடுக. பின்னர் இரு உதடுகளையும் மெல்லச் சேர்த்து, வண்டு ரீங்காரமிடுவது போல ஒலியெழுப்புக.

இரண்டாவது: ஊதுவாயை மாத்திரம் எடுத்து அதில் ஊதுக. ஒலியைத் தாழ்விலிருந்து மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்குக. இடையில் ஒலி அறக்கூடாது. கருவியை இழந்தவர்கள் ஓர் ஊதுவாயை மட்டும் தேடிக்கொண்டால் போதும். அது சட்டைப் பைக்குள் அடங்கும். நெருக்கமாகக் குடியிருக்கும் இடங்களில் அயலவருக்கும் பெரிய தொல்லை இராது.

மூன்றாவது: கருவியில் ‘ப’ வை நீளமாக, ஒரே அளவாக ஊதுக. மூச்சு வயிற்றிலிருந்து சீராக வரவேண்டும்.

நான்காவது: இதுவே முக்கியமான பயிற்சி. வால்வு அழுத்தாமல் ‘ச – ப – ச’ என்று ஒரே மூச்சில் ஊதுக. முதற் சுரத்துக்கு மட்டும் நாக்கால் ‘து’ என்று தட்ட வேண்டும். மற்றவை காற்று அறாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். அதன் பின் இரண்டாம் வால்வு, முதலாம் வால்வு, ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும், மூன்றும் சேர்த்து என்று ஏழு நிலைகளிலும் இதையே செய்க. மணிக்கூட்டின் செக்கன் முள் ஒருமுறை அசைவதற்கு ஒரு சுரம் என்ற அளவில் தொடங்கலாம்.

ஐந்தாவது: நான்காவது இலகுவான பின்னர் ‘ப – மேல் ச – ப’ என்றும், சில மாதங்களின் பின் ‘மேல் ச – மேல் க – மேல் ச’ என்றும் ஏறுக. வேகத்தைப் பின்னர் கூட்டலாம். ஒலி தெளிவாக வராத வேகத்தால் பயனில்லை.

காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். ஊதிய நேரமளவு ஓய்வும் இடையில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் ஊதிவிட்டு ஒரு கிழமை சும்மா இருப்பவரை விட, நாளாந்தம் அரை மணித்தியாலம் ஊதுபவரே முன்னேறுவார். நாற்றுக்குத் தண்ணீர் விடுவதிலும் கதை இதுதானே.

அளவு மீறினால்

வாயைச் சுற்றி வளையமாக அமைந்த தசையே இங்கு வேலை செய்கிறது. ஊதுவாயை அழுத்திப் பிடித்தால் அதற்குச் செல்லும் இரத்தோட்டம் தடைப்படும். உதடு மரத்துப் போகும், வீங்கும், காயப்படும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1901 இல் மிக வறிய குடும்பத்தில் பிறந்த லூயி ஆம்ஸ்றோங், சிறுவனாக ஒரு சீர்திருத்த இல்லத்தில் தங்கியிருந்தபோது அங்கிருந்த பாண்ட் குழுவில் முறையாகக் கற்று, உலகம் போற்றும் ட்றம்பெற் கலைஞர் ஆனார். அவரும் உதட்டை அளவுக்கு மீறி வருத்தியதால், 1930 களின் நடுப்பகுதியில் சில காலம் கருவியை வைத்துவிட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. ஓர் இல்லத்தில் கிடைத்த பயிற்சி ஒரு பிள்ளையின் வாழ்வையே மாற்றும் என்பதற்கும், உதட்டை மதியாவிட்டால் எத்தகைய கலைஞனும் தடுமாறுவான் என்பதற்கும் அவர் வாழ்வே சாட்சி.

எனவே நோவு தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். வாய்ப்புண் இருக்கும்போது ஊதக்கூடாது. நெடுநாள் இடைவெளிக்குப் பின் தொடங்குபவர் முதற் கிழமையில் நாளுக்கு 10 நிமிடத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்பு எட்டிய சுரம் இப்போது எட்டவில்லை என்று மனம் சோர வேண்டாம். பொறுமையாக ஊதினால் அது திரும்பி வரும்.

கருவியைப் பேணல்

பல பாடசாலைகளில் ஒரு கருவியைப் பலர் மாறி மாறி ஊதுகிறார்கள். அப்படியானால் ஒவ்வொருவர் கைக்கும் மாறுமுன் ஊதுவாயைச் சவர்க்காரமிட்டு இளஞ்சூட்டு நீரில் கழுவுவது அவசியம். ஊதி முடிந்ததும் குழலிலுள்ள ஈரத்தை வெளியேற்றித் துணியால் துடைக்க வேண்டும். தீவகத்தின் உப்புக்காற்று பித்தளையை விரைவில் மங்கச் செய்யும். வால்வுக்கு அதற்கென விற்கும் எண்ணெயையே பாவிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் குளிரில் இறுகி வால்வைச் சிக்கவைத்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வயலும் வீடும் இழந்த நிலையில் இதெல்லாம் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுப்பாடுதான் முதலில். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் இடம்பெயர்ந்த பிள்ளைக்கு நாளில் அரை மணித்தியாலம் ஓர் ஒழுங்கு கிடைப்பது சிறிய விடயமல்ல. மூச்சை அடக்கவும், தவறினால் மீண்டும் தொடங்கவும், பிறரோடு சேர்ந்து ஒரே தாளத்தில் நிற்கவும் அது பழக்குகிறது. இன்று சிலர் தீவுக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். எங்கிருந்தாலும், பழைய பாண்ட் குழுவில் ஊதியவர்கள் தாம் கற்றதை அயலிலுள்ள இரண்டு பிள்ளைகளுக்காவது சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும். ஊதுவாய் ஒன்றும் பொறுமையும் இருந்தால் இன்று மாலையே தொடங்கலாம்.