பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர்

நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. பிஸ்டன் சிலிண்டரின் உச்சிவரை ஏறி நிரப்பும் அந்தச் சிறு வெளிக்குள்தான், காற்றையும் எரிபொருளையும் உள்ளே விடும் இன்லெட் வால்வும் எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வும் தலை நீட்டித் திறக்கின்றன. ஒன்று வரும்போது மற்றொன்று விலகியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் காப்பது, கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றுவதற்குள் ஒருமுறை சுற்றி வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஆகும். தொழிற்சாலையிலிருந்து வரும் எஞ்சினில் இதற்கான கணக்கு முன்பே போடப்பட்டிருப்பதால் வண்டி ஓட்டுபவர் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அதே எஞ்சினைப் பிரித்து, கூடுதல் ஆற்றலுக்காக வேறு கேம் ஷாஃப்டும் வேறு சிலிண்டர் ஹெட்டும் பூட்டுபவரோ அந்தக் கணக்கைத் தம் கையால் மீண்டும் போட்டாக வேண்டும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவிலான இந்த இடைவெளி, பட்டறைகளில் ஃபீலர் கேஜை நுழைத்துச் சரிசெய்யும் டேப்பட் இடைவெளியிலிருந்து வேறானது. டேப்பட் இடைவெளி வால்வுத் தண்டின் முனையில் இருப்பது. அது சற்றுக் கூடினால் சத்தம் எழும், அவ்வளவே. வால்வின் முகத்துக்கும் பிஸ்டனின் தலைக்கும் இடையிலான வெளி இல்லாமற்போனால் வால்வு வளையும். சில வேளைகளில் அதன் தலை முறிந்து உள்ளே விழுந்து, பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒருசேரச் சிதைத்துவிடும்.

அமெரிக்காவில் எஞ்சின்களை மாற்றியமைப்போர் பல தலைமுறைகளாகக் கையாண்டு வரும் ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். 1955ஆம் ஆண்டு மாடல் கார்களில் அறிமுகமான இந்த எஞ்சினின் 350 கன அங்குல வடிவம் 1967இல் வந்தது. அதில் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 88.4 மில்லிமீட்டர். கேம் ஷாஃப்டின் முட்டை வடிவ மேடு தரும் உயர்வை, ராக்கர் ஆர்ம் எனப்படும் நெம்புகோல் ஒன்றரை மடங்காகப் பெருக்கி வால்வுக்குத் தருகிறது. மேட்டின் உயரம் 7.6 மில்லிமீட்டர் என்றால் வால்வு 11.4 மில்லிமீட்டர் திறக்கும்; ராக்கரை 1.6 மடங்கு தருவதாக மாற்றினால் 12.2 மில்லிமீட்டராகும். புதிதாக எஞ்சின் கட்டுவோர் பெரும்பாலும் இந்த உச்சத் திறப்பைக் கண்டே அஞ்சுகின்றனர். அந்த அச்சம் இடம் மாறி விழுந்த ஒன்று. இன்லெட் வால்வு முழுதாகத் திறப்பது பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 108 டிகிரி கிராங்க் சுற்றிய பிறகுதான். அதற்குள் பிஸ்டன் 64 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டிருக்கும். ஆபத்து இருப்பது உச்சியை ஒட்டிய சில டிகிரிகளில், வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கும் நேரத்தில்.

புகை வெளியேறும் வீச்சு முடிந்து உறிஞ்சும் வீச்சு தொடங்கும் அந்தத் தறுவாயில் இரு வால்வுகளும் ஒருசேரச் சற்றே திறந்திருக்கும். இதை ஓவர்லாப் என்பர். மேலேறும் பிஸ்டன், மூடிக்கொண்டு பின்வாங்கும் எக்ஸாஸ்ட் வால்வைத் துரத்துகிறது; உச்சி கடந்து இறங்கத் தொடங்கும் அதே பிஸ்டனை, இப்போது திறந்துவரும் இன்லெட் வால்வு துரத்துகிறது. ஆகவே எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனை மிகவும் நெருங்குவது உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்லெட் வால்வு நெருங்குவது சுமார் 10 டிகிரி பின்பும் ஆகும். உச்சியை ஒட்டிப் பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுவதுதான் இதற்குக் காரணம். மேற்சொன்ன எஞ்சினில் முதல் 10 டிகிரியில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை, 20 டிகிரியில் மூன்றரை மில்லிமீட்டர் அளவே இறங்குகிறது.

எஃகு கனெக்டிங் ராட் உள்ள எஞ்சினுக்கு இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டரும் குறைந்த அளவாக வைக்கப்படுகின்றன. கையால் சுற்றும்போது முட்டாத எஞ்சினுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. கனெக்டிங் ராட் இழுபட்டு நீள்கிறது, கிராங்க் ஷாஃப்ட் வளைந்து கொடுக்கிறது, டைமிங் செயின் தளர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேகம் எல்லை மீறினால் ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் இழுத்து மூட முடியாமல் போய், வால்வு மேட்டை விட்டு விலகி மிதக்கிறது. மிதக்கும் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் மேலேறும் பிஸ்டன் முதலில் பிடிக்கும். அது வெப்பத்தில் அதிகம் நீள்வதும் சேர்ந்து, அதற்குக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. இழுவைப் பந்தயங்களில் பயன்படும் அலுமினிய ராடுகள் எஃகைவிட அதிகம் நீள்பவை என்பதால் அங்கே இந்த அளவுகளும் போதா.

சோதிக்கும் வழிகளில் பழையது, குழந்தைகள் உருட்டி விளையாடும் பிசைமண்ணைக் கொண்டு செய்வது. பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டப்பட்ட குழிகளில் பிசைமண்ணை அப்பி, ஒட்டாதிருக்க வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டை கேஸ்கெட்டுடன் உரிய முறுக்கத்தில் இறுக்கி, கிராங்கை மெதுவாகக் கையால் இருமுறை முழுதாகச் சுற்ற வேண்டும். எங்காவது தடை தென்பட்டால் அழுத்திச் சுற்றாமல் நிறுத்திவிட வேண்டும். பின்பு ஹெட்டைக் கழற்றி, பதிந்த பிசைமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டினால், மிக மெலிந்த இடத்தின் தடிப்பே இடைவெளி. வால்வின் விளிம்புக்கும் குழியின் சுவருக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளியும் இதில் தெரிந்துவிடும். பெரிய வால்வு பூட்டியவர்கள் மறந்துவிடும் அளவு அது.

பிசைமண் எவ்வளவு என்று சொல்லும், எந்த டிகிரியில் என்று சொல்லாது. அதற்கு வால்வின் கெட்டி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பிரிங்கைப் பூட்டி, கிராங்கின் முனையில் டிகிரி வட்டையும் வால்வின் மேல் டயல் கேஜையும் பொருத்த வேண்டும். உச்சிக்கு 20 டிகிரி முன்பிருந்து 20 டிகிரி பின்புவரை, இரண்டிரண்டு டிகிரியாகச் சுற்றி, ஒவ்வொரு நிலையிலும் வால்வைப் பிஸ்டனில் படும்வரை விரலால் அழுத்தி, அது நகர்ந்த தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு முறைகளிலும் ஒரு பொறி உண்டு. கேம் மேட்டின் உயர்வை ராக்கருக்குக் கடத்தும் லிஃப்டர்களில், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையினவை சோதனையின்போது அமுங்கிவிடுவதால் வால்வு முழு அளவு திறக்காது. இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரியும். அவற்றுக்குப் பதில் திட லிஃப்டர்களைத் தற்காலிகமாகப் போட்டே அளக்க வேண்டும்.

இடைவெளி போதாவிட்டால் கேமைச் சில டிகிரி முன்னோ பின்னோ நகர்த்தலாம். ஆனால் முன்னே நகர்த்தினால் எக்ஸாஸ்ட் பக்கம் கிடைக்கும் இடம் இன்லெட் பக்கம் பறிபோகும், பின்னே நகர்த்தினால் நேர்மாறு. ஒரு பக்கத்தில் உபரி இருப்பவருக்கே இது உதவும். தடித்த கேஸ்கெட் போட்டால் இரு பக்கமும் இடம் கிடைக்கும், அழுத்த விகிதம் குறையும். பிஸ்டனின் குழிகளை ஆழமாக்குவதே நேரான வழி. அதற்கும் பிஸ்டன் தலையின் தடிப்பையும் மேல் ரிங் பள்ளம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் முதலில் அளந்தாக வேண்டும், மிக மெலிந்த தலை எரிதலின் வெப்பத்தைத் தாங்காது. வெட்டிய பிறகு மறுபடியும் பிசைமண், மறுபடியும் ஹெட்டை இறுக்கல். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மீண்டும் சரியாக அடைக்காது என்பதால், அனுபவமுள்ளவர்கள் அதே வகையைச் சேர்ந்த, முன்பே நசுங்கிய பழைய கேஸ்கெட் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொண்டு, புதியதைக் கடைசி இறுக்கலுக்கு எடுத்துவைக்கிறார்கள்.