வேனுக்குப் பழைய ஸ்டியரிங் சாமான் வாங்கும்போது



தோட்டப்புறக் குடும்பங்களுக்கு வேன் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், பெரியவர்களை வேலைக்கு ஏற்றிச் செல்லவும், கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போய்வரவும் அதுவே துணை. வண்டிக்கு வயதாகும்போது ஸ்டியரிங்கும் தேய்கிறது. புதுச் சாமான் வாங்கக் கையில் பணம் இல்லாதபோது பழைய சாமான் கடையை நாடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கதவுக் கைப்பிடி பொருந்தாவிட்டால் கதவு மூடாது, அவ்வளவுதான். ஸ்டியரிங் சாமான் பொருந்தாவிட்டால் வண்டி நம் கைக்கு அடங்காது.

ஸ்டியரிங் அமைப்பு இரு வகைப்படும். ஒன்றில், ஸ்டியரிங் தண்டு ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டியிலிருந்து வரும் கை, கம்பிகளை இழுத்துத் தள்ளிச் சக்கரத்தைத் திருப்பும். மற்றொன்றில் பெட்டி இல்லை. பினியன் என்னும் சிறு பல்சக்கரம், ரேக் என்னும் பல் வெட்டிய நீண்ட தண்டை இடமும் வலமும் நகர்த்தும். ஒன்றின் சாமான் மற்றொன்றுக்கு ஆகாது. நம் வண்டி எந்த வகை என்பதைப் போர்மேனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெயர் ஒன்றாக இருப்பதால் சாமானும் ஒன்றாகிவிடாது. நிசான் வேனட் 1978இல் வந்தது; நம் நாட்டில் பலருக்கும் பழக்கமான சி22 ரகம் 1985இல் வெளிவந்தது. டொயோட்டா ஹையேஸ் 1967இல் தொடங்கியது. 1989இலும் 2004இலும் புதிய அமைப்புடன் வந்தது. ஆகவே, "ஹையேஸுக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது போதாது. கிராண்டில் உள்ள சேசிஸ் எண், வண்டியின் ஆண்டு, பவர் ஸ்டியரிங்கா சாதாரண ஸ்டியரிங்கா என்ற விவரம், இம்மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

சாமானில் எண் தெரிந்தால் அதையும் பாருங்கள். டொயோட்டா சாமான் எண்ணில் முதல் 5 இலக்கங்கள் அது என்ன சாமான் என்பதைச் சொல்லும். 45046 என்றால் டை ராடு முனை. எந்த வண்டிக்கு உரியது என்பதை அடுத்த 5 இலக்கங்களே காட்டும். முன்பாதி மட்டும் ஒத்துப்போவதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, கழற்றிய பழைய சாமானையே கடைக்குக் கொண்டுபோவதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து காரியங்களை ஒப்பிடுங்கள்.

முதலாவது, நீளம். ரேக்கின் நீளமும் இரு முனை மூட்டுகளின் இடமும் சரியாக இருக்க வேண்டும். மாறினால், செம்மண் பாதையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் தானாகவே திரும்பப் பார்க்கும்.

இரண்டாவது, போல்ட்டுத் துளைகள். இடைவெளியை அளந்து பாருங்கள். துளையை இழுத்துப் பெரிதாக்கி மாட்டச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது, தண்டின் பற்கள். ஸ்டியரிங் தண்டு இணையும் இடத்தில் பற்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்று மாறினாலும் பிடிப்பு நில்லாது.

நான்காவது, மரை. டை ராடு சிலவற்றில் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. கம்பியைத் திருகிச் சக்கரத்தின் நேரைச் சரிசெய்யவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, கூம்பு. மூட்டின் முனை கூம்பு வடிவில் இருக்கும். அது சக்கரக் கையின் துளையில் முழுதும் படிந்து உட்கார வேண்டும். சரிவு மாறினால் ஓர் ஓரத்தில் மட்டும் பிடித்து, ஆடி ஆடி ஒருநாள் முறிந்துவிடும். தகடு செருகி இறுக்குவது பரிகாரம் ஆகாது.

இன்னொரு செய்தி. நாமும் தாய்லாந்தும் ஜப்பானும் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம். ஸ்டியரிங் வலப்புறம் இருக்கிறது. கொரியா போன்ற நாடுகளில் அது இடப்புறம். அங்கு ஓடிய வண்டியின் ரேக்கில் பினியன் எதிர்ப்பக்கம் இருக்கும். ஆகவே ஆஃப்கட் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதுபோல, எண்ணெய்க் குழாய்த் துளையுள்ள பவர் ரேக், சாதாரண ஸ்டியரிங் வண்டிக்கு ஏற்றதன்று.

பொருந்தும் என்று தெரிந்தபின் சாமானின் நலத்தைப் பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அங்கே தளர்வு இருந்தால் வேண்டாம். ரேக்கின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் சீல் கெட்டுவிட்டது. வளைவு, வெடிப்பு, நெருப்பில் காய்ச்சிய தடம், வெல்டிங் தடம் எது இருந்தாலும் மலிவு என்று மயங்காமல் திரும்பிவிடுங்கள்.

டை ராடு முனை, பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஸ்டியரிங் பெட்டியோடு ஒப்பிட்டால் அவற்றின் விலையும் குறைவு. ஒருமுறை கழற்றிய ஸ்பிளிட் பின்னையும் மீண்டும் மாட்டக் கூடாது.

வாங்கும்போது, வண்டியின் ரகத்தை எழுதிய ரசீதும், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரின் உறுதியும் பெறுங்கள். மாட்டியபின் சக்கர நேரைச் சரிபார்க்காமல் ஆளை ஏற்றக் கூடாது. முதலில் வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி, இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிரு நாள் ஓடியபின் எல்லா நட்டுகளையும் போர்மேனிடம் மறுபடி காட்டுங்கள்.

பள்ளி வேன் ஓட்டுவோர் ஆண்டுக்கு இருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது அடிப்பகுதியும் முன்சக்கரங்களின் பக்க நழுவலும் பார்க்கப்படுகின்றன. அது ஆறு மாதத்திற்கு ஒருமுறை. வேனோ தினமும் ஓடுகிறது. கடையில் செலவிடும் அரைமணி நேரத்தை வீண் என்று எண்ணாதீர்கள். இருநூறு வெள்ளி மிச்சம் பிடிக்கலாம். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரை வைத்து மிச்சம் பிடிக்க முடியாது.