எபிரேய மறையின் ஓதுகுறிகள்

எபிரேய மொழியில் 'தாஅம்' என்னும் சொல் சுவையையும் பொருளையும் குறிக்கும். யூதர் தம் மறையை இசையொடு ஓதுதற்கு அமைந்த குறிகளுக்கும் அதுவே பெயராயிற்று. மறையின் பாடம் பிறழாது காத்த மசோரேத்தர் என்னும் அறிஞர், திபேரியா நகரில் 10ஆம் நூற்றாண்டளவில் இக்குறிகளை நிறைவுறச் செய்தனர்.

இவற்றை வெறும் இசைக்குறி எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பது நம் கருத்து. ஏசாயா 40:3இல் பாலைநிலத்தைச் சுட்டும் சொல், கூவும் குரலோடு இயையுமோ, செப்பனிடப்படும் வழியோடு இயையுமோ என்னும் ஐயம் எழும். கிறித்தவ நற்செய்தி நூல்கள் குரலோடு இயைத்தன. எபிரேயக் குறியோ குரலையடுத்து நிறுத்தம் வைத்து, அச்சொல்லை வழியோடு சேர்க்கின்றது. ஓதுவோர் இசையை நிறுத்துமிடத்தில் உரைகாரர் முடிபு ஒன்று அடங்கியுள்ளது எனலாம்.

குறி ஒன்றாயினும் இசை பலவாகும். ஏமன் நாட்டு யூதரும் பாக்தாதினரும் போலந்தினரும் அதனை வெவ்வேறு மெட்டில் ஓதுவர். ஐடல்சோன் என்பார் பல்வேறு யூத மரபுகளின் இசையைத் திரட்டி, 1914 முதல் 1932 வரை 10 தொகுதிகளாக வெளியிட்டார்.

வியப்பு யாதெனின், தொழுகைக்கூடத்தில் விரிக்கப்பெறும் தோராச் சுருளில் இக்குறிகளுள் ஒன்றேனும் இல்லை. ஓதுவோர் வேறு நூலிற் பயின்று நெஞ்சிற்கொண்டே வருதல் வேண்டும். பொருள் திரியுமாறு பிழைத்தால், அருகிருப்போர் திருத்தி மீண்டும் ஓதச் செய்வர்.