கடல் கடந்தால் உதவித்தொகை உண்டா?

அரசாங்கம் ஒருவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கிறது. அவர் பார்வை இழந்தவராகவோ, நடக்க இயலாதவராகவோ, நெடுநாள் நோயால் உழைக்க முடியாதவராகவோ இருக்கலாம். அதற்கு மருத்துவரின் சான்றும் இருக்கிறது. அவர் நோயுற்ற தாயைக் காணவோ, தங்கையின் திருமணத்துக்கோ கடல் கடந்து போகிறார். அந்தத் தொகை அவரைத் தொடர்ந்து போகுமா? அல்லது அவர் விட்டுச் சென்ற மண்ணிலேயே நின்றுவிடுமா?

இது சட்டம் பயில்வோருக்கு மட்டும் உரிய கேள்வி என்று நண்பர்கள் தள்ளிவிட வேண்டா. நம்மில் பலருக்கு இலண்டனிலும் சிட்னியிலும் நியூ ஜெர்சியிலும் உறவினர் இருக்கின்றனர். ஊருக்கு வரும் அத்தையோ மாமாவோ மூன்றே வாரத்தில் மூட்டை கட்டுவதைக் கண்டு, ‘அவர்களுக்கு நம் ஊர் எங்கே பிடிக்கப் போகிறது?’ என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. வந்தவர்களுள் சிலர் விரல் மடக்கி நாள் எண்ணிக் கொண்டிருக்கக் கூடும் என்பது முணுமுணுப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை. நான் இயற்பியல் மாணவன், வழக்கறிஞன் அல்லன். ஆயினும் எண்ணுவதும் அளப்பதும் எங்களுக்குப் பழகிப்போன வேலை ஆதலால் இதை எழுதத் துணிந்தேன்.

‘உதவித்தொகை’ என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். உழைத்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு ஈடாக, உழைக்க முடியாத காலத்தில் தருவது ஒன்று, அது காப்பீடு. வருவாயும் சொத்தும் இல்லாதவருக்கு வயிறு வாடாதிருக்கத் தருவது மற்றொன்று, அது நிவாரணம். சக்கர நாற்காலி, வாடகை வண்டி, துணைக்கு ஓர் ஆள் என்று உடற்குறையால் வரும் கூடுதல் செலவை ஈடுகட்டத் தருவது மூன்றாவது. பெறுபவரின் உடல்நிலை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அவர் எத்தனை நாள் வெளிநாட்டில் தங்கலாம் என்பதை அந்த உடல்நிலை தீர்மானிப்பதில்லை. பணம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். அங்கே இரண்டு திட்டங்கள் உள்ளன. ஒன்று 1956-இல் ஐசனோவர் காலத்தில் சட்டமான காப்பீட்டுத் திட்டம், எஸ்.எஸ்.டி.ஐ. என்பர். வேலை செய்த காலத்தில் வரி செலுத்தியவர்க்கு உரியது அது. இதைப் பெறும் அமெரிக்கக் குடிமகன் உலகின் பெரும்பாலான நாடுகளில் இருந்துகொண்டே தொகையைப் பெறலாம். கியூபா, வடகொரியா போன்ற சில நாடுகளுக்கு அனுப்பமாட்டார்கள். மதுரையில் வீடு எடுத்து ஆண்டுக்கணக்கில் தங்கினாலும் கேட்பாரில்லை. அவ்வப்போது வரும் வினாப்படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். குடியுரிமை இல்லாதவர்க்கு விதிகள் வேறு; அவை நாட்டுக்கு நாடு மாறும்.

மற்றொன்று எஸ்.எஸ்.ஐ. என்னும் நிவாரணத் திட்டம். 1972-இல் நிக்சன் கையெழுத்திட, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதியோருக்கும், பார்வையற்றோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது. ஏழைகளாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு ஏழை என்றால், தனி ஆளுக்கு 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. அந்த வரம்பு 1989 முதல் மாறவே இல்லை. 2025-இல் நடுவணரசு தந்த உச்சத் தொகை மாதத்துக்கு 967 டாலர்.

இவர் வெளிநாடு போனால் என்ன ஆகும்? சட்டத்தில் இரண்டு விதிகள் உள்ளன. ஒரு நாட்காட்டி மாதம் முழுவதும் நாட்டில் இல்லாதவர்க்கு அந்த மாதத் தொகை கிடையாது. தொடர்ந்து 30 நாள் வெளியே இருந்துவிட்டாலோ, திரும்பி வந்து தொடர்ந்து 30 நாள் உள்ளே இருந்து காட்டும் வரை, அவர் இன்னும் வெளியிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும். உடல் கலிபோர்னியாவில் இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர் கடலுக்கு அப்பால் இருப்பார்!

கிரேஸ் அஸ்னவோரியன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு இதுவே நேர்ந்தது. அவர் கலிபோர்னியாவில் வாழ்ந்த மாற்றுத்திறனாளி. 1974 ஜூலை 21-இல் மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்குச் சென்றார். சென்ற இடத்தில் எதிர்பாராமல் நோய் கண்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி வரை திரும்ப முடியவில்லை. ஆகஸ்டு முழுவதும் வெளியே இருந்ததால் ஆகஸ்டுத் தொகை போயிற்று. 30 நாள் உள்ளே இருந்து காட்ட வேண்டியிருந்ததால் செப்டம்பர்த் தொகையும் போயிற்று. நோயாளி என்பதற்காகத் தந்த பணம், நோயுற்றுக் கிடந்ததனால் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. 1978 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

நீதிபதி ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வெளிநாடு செல்லும் உரிமை, நாட்டுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் உரிமையைப் போன்றதன்று. கடவுச்சீட்டை மறுத்தால் அது பயணத்தையே தடுப்பது. இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சலுகை சில நாள் நிற்கிறது, அவ்வளவே. உள்நாட்டில் வாழ்வோரின் தேவைக்கென்றே இத்தொகை ஏற்பட்டது. அயல்நாட்டில் தேவை எவ்வளவு என்று எவரும் அளக்க முடியாது. பணம் உள்நாட்டிலேயே செலவாக வேண்டும் என்று சட்டமன்றம் கருதியிருக்கலாம். பெறுபவர் உண்மையில் இங்கே குடியிருப்பவரா என்று அறியவும் இவ்விதி துணை செய்யும்.

இக்காரணங்கள் முற்றும் பொருளற்றவை அல்ல. ஆனால் என் சிறிய மனத்துக்கு ஓர் ஐயம் தோன்றுகிறது. குவாதலஹாராவில் படுத்திருந்தவருக்குக் கலிபோர்னியாவில் வீட்டு வாடகை நின்றுவிடுமா? சோறு மட்டுந்தான் ஆளோடு இடம் மாறும், வாடகை மாறாது. அன்றியும், காப்பீட்டுத் தொகை பெறுபவர் அயல்நாட்டில் அதைச் செலவிட்டால் நாட்டுக்கு நட்டமில்லை, நிவாரணம் பெறுபவர் செலவிட்டால்தான் நட்டம் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

எண்கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் ஜனவரி 31-இல் புறப்பட்டு மார்ச் 1-இல் திரும்புகிறார் என்போம். சாதாரண ஆண்டில் அவர் வெளியே கழித்த முழு நாள் 28. பிப்ரவரி முழுவதும் இல்லை ஆதலால் அம்மாதத் தொகை கிடையாது. இன்னொருவர் ஜூலை 10-இல் புறப்பட்டு ஆகஸ்டு 8-இல் திரும்புகிறார். அவரும் 28 முழு நாள் வெளியே இருந்தவரே; அவருக்கோ ஒரு காசும் குறையாது. அளக்கப்படும் பொருள் ஒன்றாயிருக்க, அளவுகோல் வைக்கும் இடத்தைப் பொறுத்து விடை மாறுமானால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவியைத் தூக்கி வைத்துவிடுவோம்.

மாணவர்க்கு ஒரு விலக்கு இருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. பெறும் மாணவர், அமெரிக்காவில் கிடைக்காத ஒரு படிப்புக்காக, அங்குள்ள கல்வி நிலையம் ஒன்றின் ஆதரவில் வெளிநாடு சென்றால், அப்படிப்பு அவரது பிழைப்புக்கு உதவுவதாயின், ஓர் ஆண்டு வரை தொகை தொடரும். இராணுவப் பணியில் அயல்நாட்டில் இருக்கும் பெற்றோருடன் வாழும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் விலக்கு உண்டு.

‘வெளிநாடு’ என்ற சொல்லுக்கே அங்கு ஒரு விசித்திரப் பொருள் இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ தீவு அமெரிக்கக் கொடியின் கீழ் உள்ளது. அங்குப் பிறந்தோர் அமெரிக்கக் குடிமக்கள். போய்வரக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆயினும் எஸ்.எஸ்.ஐ. சட்டத்துக்கு அது வெளிநாடு. வயேயோ மதேரோ என்பவர் நியூயார்க்கில் இத்தொகையைப் பெற்று வந்தவர். 2013-இல் அத்தீவுக்குக் குடிபெயர்ந்தார், தொகையும் வந்துகொண்டிருந்தது. பிறகு அரசு விழித்துக்கொண்டு, 28,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தருமாறு அவர்மேல் வழக்குத் தொடுத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. மாறுபட்டவர் நீதிபதி சோனியா சொட்டோமயோர் ஒருவரே. இதே திட்டத்தின் மற்றொரு விதியைக் கேளுங்கள். உள்நாட்டுப் பயணச்சீட்டு ஒன்றை யாரேனும் பரிசளித்தால் அதை வருமானமாகக் கணக்கிடமாட்டார்கள். அவ்விதியில் போர்ட்டோ ரிக்கோ உள்நாடு! ஆகவே டிக்கெட்டுக்கு உள்நாடாக இருக்கும் தீவு, இறங்கித் தங்கியவருக்கு வெளிநாடாகிவிடுகிறது.

இனி பிரிட்டனுக்கு வருவோம். அங்குச் செலவை ஈடுகட்டும் தொகை பி.ஐ.பி. எனப்படும். 2013-இல் தொடங்கியது. வருமானம் பார்த்துத் தருவதன்று. சீமானும் பெறலாம், கூலியாளும் பெறலாம். தற்காலிகமாக வெளிநாடு செல்பவர்க்கு 13 வாரம் வரை அது தொடரும். மருத்துவத்துக்காகச் சென்றால் 26 வாரம். அதற்கு முன்னிருந்த டி.எல்.ஏ. என்ற திட்டத்தில் எல்லாருக்குமே 26 வாரம் இருந்தது. 2013-இல் அது பாதியாயிற்று.

உழைக்க இயலாத ஏழை பெறும் யூனிவர்சல் கிரெடிட் என்னும் தொகைக்கோ ஒரே மாதந்தான் கெடு. அவருக்கே மருத்துவம் வேண்டுமென்றால் ஆறு மாதம் வரை பொறுப்பார்கள். நெருங்கிய உறவினர் இறந்துபோய், உடனே திரும்பச் சொல்வது நியாயமாகாது என்ற நிலையில் இன்னொரு மாதம் கிடைக்கும். இதை நிதானித்துப் படிக்க வேண்டும். இலண்டனில் சிறுநீரகம் பழுதுபட்டு வேலையிழந்த ஒருவரின் தாய் திருச்சியில் படுத்த படுக்கையாய் இருக்கிறார் என்று கொள்வோம். மகன் வந்து அருகில் இருக்கலாம், ஒரு மாதம். தாய் அதற்குமேலும் உயிரோடிருந்தால் மகன் திரும்ப வேண்டும், அல்லது தொகையை இழக்க வேண்டும். தாய் இறந்துவிட்டால் நாள் நீளும். சட்டத்தை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாவுக்குத் தேதி உண்டு, சான்றிதழ் உண்டு. சாகக் கிடப்பதற்கு அவை இல்லை. அலுவலகம் தேதியைத்தான் எண்ணும்.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுவோர் 12 மாதத்துக்குள் மொத்தம் 28 நாளே வெளியே இருக்கலாம். 2015 ஜனவரி முதல் இந்த விதி. அதற்கு முன் ஆறு வாரம், 2013-க்கு முன் 13 வாரம் என்று இருந்தது. கயிறு ஒவ்வொரு முறையும் குறுகியே வந்திருக்கிறது. இனி ஒருபோதும் வேலை செய்ய இயலாத அளவு கடுமையான குறையுள்ளவர்க்கும், மரணம் நெருங்கிய நோயாளிக்கும் விலக்கு உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அங்கே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் வாழலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். முதுமையை எவரும் சந்தேகிப்பதில்லை. உடற்குறையைச் சந்தேகிக்கிறார்கள்.

நம் நாட்டில் இக்கேள்வி கடற்கரை வரை போவதே இல்லை. மாநில எல்லையிலேயே எழுந்துவிடுகிறது. நடுவணரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2009-இல் தொடங்கியது. 80 விழுக்காடு குறையும் வறுமைக்கோட்டுக்குக் கீழான வாழ்வும் உடையவர்க்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய். அதன்மேல் மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. தம் எல்லைக்குள் குடியிருப்போர்க்கே சேர்க்கின்றன. விழுப்புரத்திலிருந்து மகனோடு தில்லிக்கு வந்துவிட்ட தந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை செல்லும். அங்குப் பெற்ற மாநிலத் தொகை கூடவே வராது. இங்கே புதிதாகக் குடியிருப்பை மெய்ப்பிக்க வேண்டும். வாடகைச் சீட்டே இல்லாத அறையில் வாழ்பவர் எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல் ஷப்பீரோ வழக்கில், மாநிலத்துக்குப் புதிதாக வந்த ஏழைகளை ஓராண்டு காக்க வைக்கும் விதிகள் செல்லா என்று தீர்த்தது. வெளிநாட்டுப் பயணத்தில் கைவிரித்த அதே மன்றம் உள்நாட்டில் இவ்வளவு தூரம் வந்தது.

வெளிநாட்டு உறவினர்க்கு இதைப் படித்துக் காட்டுவோர் இரண்டைச் சொல்ல மறக்க வேண்டா. புறப்படுமுன் போகும் நாளையும் திரும்பும் நாளையும் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் படியை வைத்துக்கொள்ள வேண்டும். அதிகமாக வந்த தொகையைப் பின்னர்க் கேட்டு வாங்குவதில் எந்த நாடும் சளைத்ததன்று. மற்றொன்று, எஸ்.எஸ்.ஐ. பெறும் உறவினர் திருமணத்துக்கு வர வேண்டுமானால், முகூர்த்தம் தை மாதத்தில் அமையட்டும். பொங்கல் கழிந்து ஜனவரி 16-இல் புறப்பட்டு பிப்ரவரி 10-இல் திரும்பினால் எந்த மாதமும் முழுதாகக் கழியாது. 30 நாளும் ஆகாது. மாசி முழுதும் இருந்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் அவரை வற்புறுத்தாதீர்கள்.