ஒரு தவறணைக்காக ஊர் திரண்ட கதை

எங்கள் மட்டக்களப்பில் தவறணை என்றால், அதை மூடச் சொல்லித்தான் ஊர் கூடும். கல்குடாவில் மதுசார உற்பத்திச்சாலை கட்டப்பட்டபோதும் சனம் எதிர்த்துத்தான் நின்றது. லண்டனிலோ ஒரு 'பப்'பை இடித்ததற்காக ஊரே கொதித்தது.

'பப்'பைத் தவறணை என்று சொன்னால் பாதிதான் சரி. அது முகத்தை மறைத்துக்கொண்டு போய்வரும் இடமல்ல. ஞாயிறு மதியம் பிள்ளைகுட்டியோடு சாப்பிடப் போவார்கள். செத்தவீடு முடிந்து அங்கே கூடுவார்கள். காற்பந்தும் அங்கேதான் பார்ப்பார்கள். சந்தித் தேத்தண்ணிக்கடையையும் வாசிகசாலையையும் ஒரே கூரைக்குள் வைத்ததுபோல ஒன்று.

அதை இடிக்கத் தூண்டுவது நிலத்தின் விலை. பல இடங்களில், பியர் விற்று வரும் இலாபத்தைவிட அதே காணியில் தொடர்மாடி கட்டி விற்றால் பல மடங்கு கிடைக்கும். வீடும் தேவைதான். ஆனால் வீட்டுக்கு வேறு காணி தேடலாம், ஊர் கூடிப் பழகிய இடத்தை வேறெங்கும் தேட முடியாது என்பதே எதிர்ப்பவர்களின் வாதம்.

மேற்கு லண்டனின் 'கார்ல்டன் டேவர்ன்' 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதைத் தொடர்மாடியாக்கும் விண்ணப்பத்தை வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை மறுத்தது. மரபுரிமைக் கட்டடமாகப் பட்டியலிடும் வேலையும் முடியும் தறுவாயில் இருந்தது. 2015 ஏப்ரலில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், இயந்திரம் வந்து இடித்துத் தள்ளியது.

உரிமையாளர்மீது ஊராருக்கு முன்பே சந்தேகம். அவர்கள் கேட்டுக்கொண்டதால் மரபுரிமை அதிகாரிகள் வந்து கட்டடத்தைப் படமெடுத்து, டைல்ஸ்களுக்கு அச்செடுத்து, எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார்கள். "இருந்தபடியே திருப்பிக் கட்டு" என்று நகரசபை உத்தரவிட்டபோது, எப்படி இருந்தது என்று சொல்ல அந்தப் பதிவு இருந்தது. மேன்முறையீட்டிலும் உத்தரவு நின்றது. 2021 ஏப்ரலில் கதவு மறுபடி திறந்தது.

எல்லா 'பப்'புக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதனால் சட்டத்தின் துணையும் தேவை. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் கட்டடத்தைச் 'சமூகப் பெறுமதியுள்ள சொத்து' என்று பதியும்படி உள்ளூர் மக்கள் கேட்கலாம். பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் உரிமையாளர் விற்க முனைந்தால், தாங்கள் வாங்க விரும்புவதாக 6 வாரத்துக்குள் ஊரவர் அறிவிக்கலாம். அறிவித்தால் பணம் திரட்ட மொத்தம் 6 மாதம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தென் லண்டனின் 'ஐவி ஹவுஸ்' இப்படிப் பதியப்பட்ட முதல் 'பப்'. 2013இல் ஊராரே அதை வாங்கினார்கள். 2017 முதல் 'பப்'பை இடிக்கவோ வேறு தேவைக்கு மாற்றவோ திட்டமிடல் அனுமதியும் வேண்டும்.

வாவிக்கரையில் எங்களுக்கு 'பப்' இல்லை. தோணி இழுத்து வைக்கும் துறை இருக்கிறது, வலை காயப்போடும் திடல் இருக்கிறது, பின்னேரங்களில் கிழவர்கள் குந்தியிருக்கும் மரத்தடி இருக்கிறது. அவை யாருடைய பெயரில் உள்ளன, எல்லை எதுவரை, எத்தனை குடும்பம் பாவிக்கிறது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? கார்ல்டன் டேவர்னைத் திரும்பக் கட்டவைத்த சான்று, இடிக்கும் இயந்திரம் வருமுன் எடுத்து வைத்தது.